நாற்பத்திரண்டாவது பாத்திரம்

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில், பெங்களூரு ஜீவனஹள்ளியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில், பகல் ஒன்றே கால் மணிக்கு நடந்தது இது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், அப்போது நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்க வேண்டியது வேறு.

என்னைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு எல்லாவற்றையும் எண்ணும் பழக்கம் உண்டு. கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடப்படும் வரை இருபத்தொன்பது ஆண்டுகள் நான் பார்த்த வேலை அப்படி. சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்று கொடுப்போம். மேலே ஏறி வந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டும். போனதும் வந்ததும் சரியாக இருந்தால்தான் நான் கையெழுத்துப் போடுவேன். ஒரு டோக்கன் குறைந்தால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம்.

பெங்களூருக்கு வந்த பிறகு எண்ணுவதற்கு ஆட்கள் இல்லை. அதனால் வீட்டை எண்ணத் தொடங்கினேன். மொட்டை மாடிக்குப் போகப் பதினேழு படிகள். கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்பது காலண்டரில் குறித்திருக்கும். வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரிந்துகொள்ள நான் யாரையும் கூப்பிடுவதில்லை. வாசலில் இருக்கும் செருப்புகளை எண்ணினால் போதும். என் மருமகள் இதைக் கவனித்துவிட்டு, "மாமா, பேசாம எனக்கும் ஒரு டோக்கன் குடுத்துடுங்க, ஆபீஸ் போறப்ப உங்க கையில குடுத்துட்டுப் போறேன்" என்று கேலி செய்வாள். நானும் சிரிப்பேன். ஆனால் எண்ணுவதை விடவில்லை.

என் மனைவிக்கு எழுபது வயது. ஐந்தாறு ஆண்டுகளாகக் காது சரியாகக் கேட்பதில்லை. காதில் மிஷின் வைத்துக்கொள்வாள். எங்கள் சமையல் மேடையில் இருந்த பழைய சிங்க் மிகவும் சிறியது. குக்கரைப் படுக்க வைத்துத்தான் கழுவ முடியும். பெரிய பாத்திரங்களைப் பின்கட்டில் துணி துவைக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குனிந்து தேய்ப்பாள். பெரிய சிங்க் ஒன்று வேண்டும் என்று ஆறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதித்த கிரானைட்டை வெட்டினால் விரிசல் விடும், வேண்டாம் என்று ஆறு ஆண்டுகளாக நான் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மகன் என்னைக் கேட்காமலேயே இருபத்துநாலு அங்குலத்துக்குப் பதினெட்டு அங்குலத்தில் ஒரு சிங்க்கை வாங்கி வந்து கூடத்தில் வைத்துவிட்டான். அட்டைப் பெட்டியைத் தாண்டித் தாண்டி நடந்து எனக்கே அலுத்துப்போய், கல் வெட்டுகிறவரை வரச் சொன்னேன்.

அவர் ஒக்கலிபுரத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். தமிழர்தான், பேச்சில் கன்னடமும் கலந்து வரும். வந்தவுடன் வெட்டும் மிஷினை எடுக்கவில்லை. விரல் முட்டியால் மேடையை அங்கங்கே தட்டி, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். நான் கட்டம் போட்ட தாளில் வரைந்து வைத்திருந்த படத்தை நீட்டினேன். பழைய ஓட்டை எவ்வளவு, புதியது எவ்வளவு, இடப்பக்கம் ஆறு அங்குலமும் பின்பக்கம் இரண்டு அங்குலமும் எப்படிக் கூடுகிறது என்று எல்லாம் அதில் இருந்தது.

"சார், நீங்க இஞ்சினியரா?" என்றார்.

"இல்லை, டைம் ஆபீஸ்."

"அதான்" என்று சொல்லிவிட்டுப் படத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.

சிங்க்கின் விளிம்பு கல்லின் மேல் உட்கார வேண்டும், ஆகவே ஓட்டையைச் சுற்றிலும் அரை அங்குலம் குறைத்து வெட்ட வேண்டும் என்று அவரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை சொன்னதும் பென்சிலை என் கையில் வைத்து, "நீங்களே கோடு போடுங்க சார், நா ஒத்துக்கிறேன்" என்றார். போட்டேன். அதையும் அவர் ஒருமுறை அளந்துகொண்டார்.

மேடைக்குக் கீழே கதவுகள் கிடையாது. சிங்க்குக்கு அடியை மட்டும் விட்டுவிட்டுக் கடப்பா கல்லால் தட்டு அடித்து, முன்னால் திரை கட்டியிருப்போம். அங்கிருந்த பாத்திரங்களை எல்லாம் காலையிலேயே கூடத்துக்கு மாற்றினோம். எடுக்கும்போது எண்ணினேன், நாற்பத்திரண்டு. கூடத்தில் அடுக்கிய பிறகு எண்ணினேன், நாற்பத்தொன்று. மறுபடியும் எண்ணினேன். நாற்பத்தொன்றுதான்.

"ஒண்ணு கொறையுது" என்றேன் மனைவியிடம்.

"கொறஞ்சா இன்னா, குடியா முழுகிப்போவுது? மூடியையும் பாத்திரம்னு எண்ணியிருப்பீங்க."

"மூடியைத் தனியா எழுதி வெச்சிருக்கேன்."

அவள் கல் வெட்டுகிறவரைப் பார்த்து, "பாத்துக்க தம்பி, ஊட்டுக்குப் போறதுக்குள்ள உன் வெரலக்கூட எண்ணிடுவாரு" என்றாள். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பாத்திரம் காற்றில் கரைந்துபோகாது அல்லவா?

வேலை தொடங்கும் முன் அவர் ஒரு பேசின் கேட்டார். வெட்டும்போது கல் சூடாகாமலும் தூசி பறக்காமலும் இருக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது வெட்டின வழியாகக் கீழே வடியும். அதைப் பிடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து ஒரு பிளாஸ்டிக் டப்பைக் கொடுத்தேன். "பிளாஸ்டிக் பேடா, வேணாம் சார். அலுமினியம் இருந்தா குடுங்க" என்றார். அழுக்குத் தண்ணீரைப் பிடிப்பதற்கு இவ்வளவு நுணுக்கமா என்று முணுமுணுத்துக்கொண்டே குளியலறையிலிருந்து நெளிந்த அலுமினியப் பேசின் ஒன்றைக் கொண்டுவந்தேன். அதை மேடைக்கடியில், வெட்டப்போகும் கோட்டுக்கு நேர் கீழே தள்ளி வைத்தார். பழைய சிங்க்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையின் மேல் ஈரச் சாக்கை விரித்துச் செங்கல் வைத்தார். முன்பக்கம் திரைக்குப் பதிலாகப் பழைய போர்வை ஒன்றைத் தரை வரை தொங்கவிட்டார்.

மிஷினைப் போட்டதும் வீடே அதிர்ந்தது. அந்தச் சத்தம் காது மிஷினுக்குள் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதென்று என் மனைவி அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். பின் சந்தில் இருக்கும் தோழி வீட்டில் போய் உட்காரப் போவதாகக் கையைக் காட்டினாள். அவள் வாசலில் செருப்பை மாட்டும்போது நான் அவள் காதருகே போய், "நாப்பத்தொண்ணுதான் இருக்குது!" என்று மறுபடியும் கத்தினேன். கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெட்டினார். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. வாளியிலிருந்து மொண்டு மொண்டு, பிளேடு போகிற வழியில் மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். வெட்டு கல்லின் அடிவரை இறங்கியதும் தண்ணீர் அதன் வழியாகப் பேசினில் விழத் தொடங்கியது. மிஷினை நிறுத்தும்போதெல்லாம் 'டண் டண்' என்று கேட்கும். எனக்கு அந்தச் சத்தமே எரிச்சலாக இருந்தது.

ஒரு மணி ஆவதற்குள் மூன்று மூலைகளைத் தவிர எல்லாம் வெட்டி முடிந்துவிட்டது. வட்டமான பிளேடு மூலைவரை போகாது. அங்கெல்லாம் ஒரு விரல் அகலம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த விரல் அகலங்களில்தான் துண்டுக் கல் மொத்தமும் தொங்கிக்கொண்டிருந்தது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் விழுந்துவிடும். அதற்கு முன் கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று இருவரும் வாசல் படிக்குப் போனோம். அவர் பீடி பற்றவைத்தார். நான் செருப்புகளை எண்ணினேன். என்னுடையது, அவருடையது, மகனின் பழைய ஜோடி. மனைவியின் பச்சைச் செருப்பு இல்லை. வெளியே இருக்கிறாள். கணக்குச் சரி.

திரும்பி உள்ளே வந்தோம். அவர் மேடையின் ஓரத்தில் சுத்தியலையும் ஒரு மரக்கட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"உள்ள யாரும் இல்லியே சார்? அம்மா?"

"அவங்க வெளியே போயிருக்காங்க. வீட்டில் நம்ம ரெண்டு பேர்தான்" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் 'எல்லாரும் வந்தாச்சு' என்று கையெழுத்துப் போட்ட குரல் அது.

"சரி, கோட்டு மேல கொஞ்சம் தண்ணி உடுங்க. மண்ணு போவட்டும், எங்க ஒட்டிக்கினு கீதுன்னு பாக்கலாம்."

ஊற்றினேன். சாம்பல் நிறச் சேறு கரைந்து வெட்டுக்குள் இறங்கியது. கோடு பளிச்சென்று தெரிந்தது. அவர் மரக்கட்டையைத் துண்டுக் கல்லின் மேல் வைத்துச் சுத்தியலைத் தூக்கினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றே கால்.

சுத்தியல் அப்படியே நின்றது.

"அடிப்பா" என்றேன். "மணி ஆகுது."

"இருங்க சார். இன்னொருவாட்டி ஊத்துங்க."

"எதுக்கு? கோடுதான் நல்லாத் தெரியுதே."

"சும்னே ஊத்துங்க சார்!"

அவர் குரல் மாறியிருந்தது. ஊற்றினேன். தண்ணீர் வெட்டுக்குள் இறங்கியது. அவர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

"தண்ணி எங்க போவுது?" என்றார்.

எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. கீழேதான் போகிறது, வேறெங்கே போகும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சுத்தியலைப் பின்னால், என் காலருகே, தரையில் வைத்துவிட்டு முட்டி போட்டுப் போர்வையை விலக்கினார்.

என் மனைவி அங்கே இருந்தாள்.

மண்டியிட்டு, உடம்பை இரண்டாக மடித்து, தலையை இடப்பக்க மூலைக்குள் நுழைத்துக்கொண்டு, கையில் டார்ச்சோடு கழிவுநீர்க் குழாயின் பின்னால் தேடிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்கு அடியில் அலுமினியப் பேசின். அவள் புடவையில், தோள்பட்டையிலிருந்து நடுமுதுகு வரை, நேர்க்கோடாகச் சாம்பல் நிற ஈரம். நான் பென்சிலால் போட்டுக் கொடுத்த அதே கோடு.

அதன் பிறகு சில நொடிகள் எனக்குள் என்ன நடந்தது என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காது அடைத்துக்கொண்டது. அவர் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. பதற்றம் வந்தால் நான் மனத்துக்குள் எண்ணுவேன், அதில் அடங்கிவிடும். அன்று ஒன்று, இரண்டு என்று தொடங்கினேன். மூன்றுக்குப் பிறகு என்ன வரும் என்று தெரியவில்லை.

அவர் அவள் தோளைத் தொட்டார். அவள் திடுக்கிட்டு நிமிரப் போனாள். நிமிர்ந்திருந்தால் தலை கல்லில் இடித்திருக்கும். அவர் தன் உள்ளங்கையை அவள் உச்சந்தலைக்கும் கல்லுக்கும் நடுவே கொடுத்து, மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டார். அவள் எழுந்து நின்று முடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டியபடி என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"கெடைக்கலீங்க. பின்னாடி மூல வரைக்கும் பாத்துட்டேன்."

டார்ச்சை அணைத்தாள்.

"காலைலருந்து ஒண்ணு கொறையுது ஒண்ணு கொறையுதுன்னு உசுர எடுத்தீங்களே, சின்னதா எதனாச்சும் உருண்டு போயிருக்கும்னுதான் வந்தேன். பின்பக்கமாத்தான் வந்தேன், மிஷினு நின்னுட்டிருந்துச்சு. முதுகுல தண்ணி சொட்டுச்சு, கொழாதான் ஒழுவுதுன்னு இருந்துட்டேன். இன்னா ரெண்டு பேரும் இப்பிடி நிக்கிறீங்க?"

பிறகு அவள் பார்வை என் கைக்கு வந்தது.

"அது இன்னா உங்க கையில?"

நானும் குனிந்து பார்த்தேன். என் கையில் சொம்பு இருந்தது. மேடைக்கடியிலிருந்து எடுத்த பாத்திரங்களில் ஒன்று. காலையில் எண்ணி எழுதிய பிறகு, தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நானே அதை எடுத்து வாளியில் போட்டிருக்கிறேன். இரண்டு மணி நேரம் அதை வைத்துத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் முதுகின் மேல் ஊற்றியதும் அதிலிருந்துதான்.

கல் வெட்டுகிறவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.  வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"யாரும் இல்லன்னு சொன்னீங்களே சார்" என்றார்.

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மிகவும் மெதுவாகச் சொன்னார்.

"செருப்பு இல்லையே" என்றேன். "வாசலில் அவ செருப்பு இல்லையே."

அவர் என் மனைவியின் கால்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பச்சைச் செருப்பு அவள் காலில் இருந்தது. நாற்பத்தாறு ஆண்டுக் குடித்தனத்தில் அவள் ஒரு நாளும் சமையலறைக்குள் செருப்போடு வந்ததில்லை. யார் வீட்டில்தான் அப்படி வருவார்கள்? அன்று தரை முழுவதும் கூரான கல் சில்லுகள் சிதறிக் கிடந்ததால் கழற்றாமல் வந்திருக்கிறாள். என் கணக்கில் அப்படி ஒன்றுக்கு இடமே இல்லை.

என்ன நடந்தது என்று அவளுக்கு அதுவரை தெரியவில்லை. அவர்தான் எழுந்து, சுத்தியலைக் காட்டி, துண்டுக் கல்லைத் தொட்டு, பிறகு தன் தலையைத் தொட்டுக் காட்டினார். அவள் கல்லைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். கை தானாகப் போய் ஈரமான முதுகைத் தடவியது.  பிறகு என்னிடம், "மொதல்ல அந்தச் சொம்பக் கீழ வைங்க" என்றாள். வைக்க முயன்றேன், விரல்கள் விரியவில்லை. அவளே வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்து, அதில் தண்ணீர் மொண்டு அவருக்குக் குடிக்கக் கொடுத்தாள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று பிறகு அவரிடம் கேட்டேன்.

"சத்தம் வரல. அலுமினியம் கேட்டது அதுக்குத்தான் சார். மேல குந்திக்கினு கீழ பாக்க முடியாது. குண்டாவுல தண்ணி உழுந்தா நடுவுல ஒண்ணும் இல்ல, கல்லு உழலாம். சத்தம் இல்லன்னா இன்னாமோ குறுக்க கீது. பூனைகூட இருக்கும், எத்தினியோ வாட்டி பூனை இருந்துச்சு." பிறகு, "அழுக்குத் தண்ணிய புடிக்கன்னு நெனச்சீங்களா?" என்றார்.

அப்படித்தான் நினைத்தேன். அவரும் எண்ணுகிறவர்தான். கீழே ஓர் ஆள் மிச்சம் இல்லை என்பதை உறுதி செய்ய அவருக்கும் ஒரு டோக்கன் இருந்தது. காலையில் அதைத்தான் நான் பிளாஸ்டிக் டப்பாக மாற்றப் பார்த்தேன்.

அரை மணி நேரம் கழித்துத்தான் அவர் மறுபடியும் சுத்தியலை எடுத்தார். என் மனைவியைக் கூடத்து நாற்காலியில் தன் கண்ணுக்கு எதிரே உட்கார வைத்தார். "அம்மா, எழுந்திரிக்கக் கூடாது" என்று கையால் சொன்னார். என்னை அவள் பக்கத்தில் நிற்க வைத்தார். தண்ணீர் ஊற்றினார், 'டண் டண்' என்று கேட்டது. பேசினை வெளியே இழுத்தார். குனிந்து உள்ளே ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரே ஒரு தட்டு.

கல் விழுந்த சத்தம் என் மனைவிக்குக் கேட்டிருக்காது. ஆனால் தரை அதிர்ந்ததில் அவள் கை நாற்காலிப் பிடியிலிருந்து என் கைக்குத் தாவியது. துண்டின் ஒரு மூலை குத்தி, மேடைக்கடியில் இருந்த தரை டைல் மூன்றாக உடைந்திருந்தது. அந்தத் துண்டை நிறுத்துப் பார்த்தேன். நான்கு கிலோ எழுநூறு கிராம்.  எண்ணைப் பார்த்த பிறகு பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அன்று அவருக்கு என் மனைவி சாப்பாடு போட்டாள். காது மிஷினை மாட்டிக்கொண்டு, அவருடைய பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று ஒன்றும் நடக்காதது போல விசாரித்துக்கொண்டிருந்தாள். அவரும் பதில் சொல்லிக்கொண்டே ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். சிங்க் கச்சிதமாகப் பொருந்தியது. என் அளவுகளில் நூலளவு பிசகும் இல்லை.

மாலையில் மகனிடம் நான்தான் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் என்னைத் திட்டவில்லை. மருமகள் எழுந்து உள்ளே போனவள், வெகுநேரம் அத்தையின் அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு அவள் என்னிடம் டோக்கன் கேட்டுக் கேலி செய்வதில்லை. செய்தால் தேவலை என்று இருக்கிறது.

ஓராண்டு ஆகப்போகிறது. உடைந்த டைலை மாற்றிவிடலாம் என்று மகன் பலமுறை சொல்லிவிட்டான். நான்தான் விடவில்லை. மேடைக்கடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவனிடம் சொல்வேன். நான் பார்க்கிறேன்.

எண்ணுவதை நிறுத்திவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். இந்த வயதில் அது போகாது. வெளியே போய்விட்டு வந்தால் கண் இன்றும் வாசல் செருப்புகளின் மேல்தான் முதலில் விழுகிறது. ஆனால் கணக்குச் சரியாக இருந்தாலும் உட்காராமல் உள்ளே போய் அவள் இருக்கும் இடத்தை ஒருமுறை பார்க்கிறேன். புதிய சிங்க்கில் பெரிய பாத்திரத்தை நிமிர்ந்து நின்றபடியே கழுவிக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்ததும் "இன்னா?" என்பாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் அங்கேயே நின்று, தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்கிறேன். கணக்கில் சந்தேகமே வராத நேரத்தில் ஓர் உயிரின் மேல் சுத்தியலை ஓங்கச் சொன்னவன் நான். அந்த நினைப்பு என்னைவிட்டுப் போவதில்லை. போகவும் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.